‘வருந்துகிறோம்’ என்று எழுதவிடாதவர்

மேலூர் பேருந்து நிலையத்தில் இறங்கி, ஒரு ஜவுளிக்கடைக்காரரிடம் விளம்பர மாதிரியைக் காட்டி ஒப்புதல் வாங்க நடந்துகொண்டிருந்தேன். என்னோடு வேலை பார்க்கும் கோவர்த்தனனின் மனைவி கமலாவிடமிருந்து அழைப்பு வந்தது. “தனம், அவரு போயிட்டாரு” என்றார். எங்கே போய்விட்டார் என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன். சொல்லாமல் எங்காவது கிளம்பிவிடுவது அவருக்குப் பழக்கம். கமலா, “மூணு நாளா நெஞ்சு வலின்னாரு. வாயுன்னு சொல்லிப் பெருங்காயத்தக் கரைச்சுக் குடிச்சிட்டே இருந்தாரு. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னுட்டாரு” என்றார்.

எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அவரோடு பழகிய நீங்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இருபத்தொரு வருடங்கள் ஒரே அறையில் எதிரெதிர் மேசைகளில் உட்கார்ந்திருந்தோம். அதில் அவர் என்னை எரிச்சல்படுத்தாத நாள் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

மேலமாசி வீதியை ஒட்டிய சந்தில், ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் விளம்பர நிறுவனம். பாத்திரக்கடை, நகைக்கடை, பள்ளிக்கூடம், மனை விற்பவர்கள் என்று உள்ளூர்க்காரர்களின் விளம்பரங்களை எழுதி, வடிவமைத்து, பத்திரிகைகளுக்கு அனுப்புவது தொழில். வாடிக்கையாளரைத் தேடிப் பிடித்து வருவது நான். வாசகம் எழுதுவது அவர். நான் பிடித்து வந்தவரை விரட்டி அனுப்புவதும் பல நேரங்களில் அவர்தான்.

விரட்டுவதற்கு அவர் அமெரிக்காவைப் பயன்படுத்தினார். கல்லூரி நாட்களில், நூலகம் கழித்துப்போட்ட பழைய தொகுதிகள் சில அவர் கையில் சிக்கியிருக்கின்றன. எந்தக் காலத்திலோ இங்கே வந்து போன ஒரு பாதிரியார் விட்டுச்சென்றவை. அமெரிக்காவில் சோளக்காட்டுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன ஊரின் வாரப் பத்திரிகை, இரண்டாம் உலகப் போர் நடந்த வருடங்கள் முழுக்க. அந்தப் பத்திரிகையின் விளம்பரங்களைப் பற்றி முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார். வழிகாட்டி ஓய்வு பெற்றார், அவருக்குப் பின் வந்தவரும் ஓய்வு பெற்றார். ஆய்வேடு முடியவே இல்லை. வீட்டில் கமலாவோடு சௌராஷ்டிரத்தில் பேசுவார், எங்களோடு தமிழில் பேசுவார், ஆனால் குடியிருந்தது என்னவோ அந்தச் சோளக்காட்டு ஊரில்தான். அங்கே சர்க்கரைக்குக் கூப்பன் கிழித்த மளிகைக்காரரையும், டயர் கிடைக்காமல் காரைக் கொட்டகையில் நிறுத்திய மருத்துவரையும் அவருக்குத் தெரிந்த அளவுக்கு எங்கள் தெருக்காரர்களைத் தெரியாது.

ஒருமுறை கே.கே. நகரில் பிரிட்ஜ் கடை வைத்திருப்பவர் கோடைகால விளம்பரத்துக்காக வந்தார். அவரை உட்காரவைத்து, அந்த ஊரின் பிரிட்ஜ் கடைக்காரரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார் கோவர்த்தனன். தொழிற்சாலைகளெல்லாம் போர்த் தளவாடம் செய்யப் போய்விட்டதால் அந்தக் கடையில் விற்க ஒரு பிரிட்ஜ்கூட இல்லை. ஆனாலும் வாராவாரம் விளம்பரம் தந்தாராம். பழைய பெட்டியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பழுதானால் நாங்கள் சரிசெய்கிறோம், மிச்சம் பிடிப்பதைப் போர்ச் செலவுக்கு அரசு விற்கும் பத்திரத்தில் போடுங்கள் என்று. அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்ட கே.கே. நகர்க்காரர், “அதெல்லாம் சரி சார். எங்கடைல பிரிட்ஜ் இருக்கே” என்றார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன். அந்தக் கடைக்காரர் திரும்ப வரவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். கமலா பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தபோது, அந்த ஊர்ப் பெண்கள் பொரித்த கொழுப்பை டப்பாவில் சேர்த்துக் கறிக்கடையில் கொடுத்ததையும், அதிலிருந்து வெடிமருந்து செய்ததையும், அதற்கு வந்த விளம்பரங்களையும் விளக்கியிருக்கிறார். கமலா திரும்பிப் பார்க்காமல், “அவங்க செய்யட்டும். நான் இதுல அப்பளம் பொரிக்கணும், தள்ளுங்க” என்றாராம்.

அவர் அந்த ஊரைக் கொண்டாடினார் என்று சிலர் நினைத்தார்கள். அப்படி இல்லை. “சண்டைக் காலத்துல ஊர்லயே மொத தேசபக்தன் விளம்பரக்காரன்தான் தனம்மா” என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது.

எல்லையில் சண்டை மூண்ட அந்த வாரம் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நாட்டுப்பற்று பொங்கியது. பாத்திரக்கடைக்காரர் குக்கருக்குப் பின்னால் கொடி கேட்டார். திருமங்கலம் பக்கம் நாற்கர சாலையோரம் மனை போட்டு விற்கும் ஒருவர் முழுப் பக்கம் கேட்டார். மேல் பாதியில் சல்யூட் அடிக்கும் ராணுவ வீரர், கீழ்ப் பாதியில் மனைகள். வீரரின் படத்தையும் அவரே அனுப்பினார். அந்தப் பக்கத்துப் பையன்தான், யாரோ வாட்ஸ்அப்பில் வைத்திருந்த படம் என்றார்.

கோவர்த்தனன் எழுத மறுத்துவிட்டார். நானே எழுதினேன்: ‘எல்லையை அவர் பார்த்துக்கொள்கிறார். உங்கள் மனையின் நான்கு எல்லையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.’ இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு எனக்கு அதில் பெருமையாக இருந்தது.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இந்தத் தம்பி வீட்ல கேட்டீங்களா?”

“நேரமில்ல சார். நாலு மணிக்குப் பேப்பருக்குப் பக்கம் போகணும்.”

உடனே சோளக்காட்டு ஊருக்குப் போய்விட்டார். அங்கே ஒரு மரச்சாமான் கடை, போருக்குப் போன ஊர்ப் பையன்களின் படங்களை வாரம் ஒன்றாகத் தன் விளம்பரத்தில் போட்டு வந்ததாம். ஒரு வாரம் சிரித்த முகத்தோடு ஒரு பையன், அவனுக்குக் கீழே மெத்தை விலைக்குறைப்பு. அவன் இறந்த செய்தியும் அதே இதழின் முதல் பக்கத்தில். “அடுத்த வாரம் அந்தக் கடை விளம்பரமே தரல தனம்மா. அதுக்கடுத்த வாரமும் தரல. நான் தேடிப் பாத்தேன்.”

“அது அமெரிக்கா சார். நீங்களும் நானும் பொறக்குறதுக்கு முன்னாடி நடந்தது. எனக்கு நாலு மணிக்குப் பக்கம் போகணும்” என்று சொல்லி, பக்கத்தை அனுப்பிவிட்டேன். அவர் எழுந்து தேநீர் குடிக்கப் போனார்.

மறுநாள் காலை அலுவலகத்தைத் திறந்ததும் தொலைபேசி அடித்தது. அந்த வீரரின் அண்ணன். விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு அடித்திருக்கிறார், மனைக்காரர் எங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டுத் துண்டித்துவிட்டார். நடந்தது இதுதான். ஊர்த் தேநீர்க் கடையில் பத்திரிகை மடித்துக் கிடந்திருக்கிறது. மடிப்புக்கு மேலே கொடியும் அந்தப் பையன் முகமும் மட்டும். சண்டை நடக்கும் நேரத்தில் பத்திரிகையில் அவ்வளவு பெரிதாக ஒரு வீரரின் படம் வந்தால் அதற்கு என்ன அர்த்தம்? பார்த்தவர் பிரித்துப் படிக்கவில்லை. வீட்டுக்கு ஓடியிருக்கிறார். பையனிடமிருந்து ஐந்து நாட்களாகப் போன் இல்லை. தெருவே கூடி அழுதிருக்கிறது. அம்மா மயங்கி விழுந்து, திருமங்கலத்துக்குக் கொண்டுபோய் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் யாரோ பத்திரிகையைப் பிரித்து, கீழே மனைகளைப் பார்த்திருக்கிறார்கள்.

“யாரு அக்கா இதப் போட்டது?” என்று அந்த அண்ணன் கேட்டார். கோவர்த்தனன் என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி, “ஊர் எதுன்னு சொல்லுங்க தம்பி. வாரோம்” என்றார்.

எனக்குப் போக விருப்பமில்லை. மனைக்காரர் அல்லவா படம் தந்தவர், அவர் போகட்டும் என்றேன். கோவர்த்தனன் செருப்பை மாட்டினார். திருமங்கலம் போகும்வரை பேருந்தில் அமெரிக்காவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவரோடு நான் போன பயணங்களில் அது ஒன்றுதான் அப்படி.

வீட்டுக்கு முன்னால் இன்னும் கூட்டம் இருந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார், புறங்கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. வீரரின் மனைவி கைக்குழந்தையோடு சுவரில் சாய்ந்திருந்தார், மறுகையில் போன். அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எம்மகன் படத்த யாரைக் கேட்டுப் போட்டீக?” என்றார்.

கோவர்த்தனன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். “யாரையும் கேக்கலம்மா. எழுதுனது இவங்க. வேணாம்னு சொன்னது நானு. சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். அதனால தப்பு எங்க ரெண்டு பேரோடதும்தான்.”

அவ்வளவு பேருக்கு முன்னால். ‘நாங்கள் போட்டோம்’ என்று பொதுவாகச் சொல்லியிருக்கலாம். அந்த மனிதருக்கு அது வராது. அந்த நிமிடம் அவரை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று எழுதினால் இது அஞ்சலியாக இருக்காது.

அம்மா கேட்டது ஒன்றுதான். “எம்மகன் நல்லா இருக்கான்னு நாளைக்குப் போடு. அதே பேப்பர்ல, இம்புட்டுப் பெருசா.”

“போட்டுடுறோம்மா” என்றேன், தப்பித்தோம் என்று.

“போட மாட்டோம்” என்றார் கோவர்த்தனன்.

வீரரின் அண்ணன் எழுந்து நின்றார். கோவர்த்தனன் நகரவில்லை. “அவரு நல்லா இருக்காருன்னு எங்களுக்குத் தெரியாதும்மா. உங்களுக்கும் இன்னும் தெரியாது. போன் வரட்டும். வந்ததும் போடுறேன்.”

அடி விழப்போகிறது என்றே நினைத்தேன். சுவரில் சாய்ந்திருந்த அந்தப் பெண்தான் பேசினார். “அவரு சொல்றது சரிதான் அத்தை. தெரியாமப் பேசி ஒரு தடவ அழுதது போதும்.” அண்ணன் உட்கார்ந்தார். எங்களைப் போகவும் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. போகலாம் என்று நான் இரண்டு முறை சைகை காட்டினேன். கோவர்த்தனன் வேப்பமரத்துக்குக் கீழே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் நானும் உட்கார்ந்தேன். வெயில் நகர நகர நாங்களும் நிழலோடு நகர்ந்தோம்.

மூன்றரை மணி இருக்கும், போன் அடித்தது. தெரியாத எண். ஒரு நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டார்கள். மனைவி “ம், ம்” என்றார், பேப்பரில் படம் வந்ததைச் சொன்னார், கண்ணீர் குழந்தையின் தலையில் விழுந்தது. பிறகு அம்மா வாங்கி, சாப்பிட்டாயா என்று கேட்டார். போனை வைத்ததும் எங்கள் பக்கம் திரும்பி, அதுவரை இருந்த அதே கடுப்போடு, “பேப்பர்ல படம் வந்துச்சுன்னு இவ சொல்லிட்டா. படம் நல்லா வந்திருக்கான்னு கேக்குறான்” என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கோவர்த்தனன் சிரிக்கவில்லை. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, “நாளைக்கு வந்துரும்மா” என்றார்.

திரும்பும் பேருந்தில் நான் எழுதத் தொடங்கினேன். ‘நேற்றைய விளம்பரத்தால் ஏற்பட்ட மனவேதனைக்கு வருந்துகிறோம்’ என்று. அவர் பேனாவை வாங்கிக் கடைசி வார்த்தையை அடித்தார். எனக்கு அன்றைக்கு மிச்சமிருந்த பொறுமையும் போய்விட்டது. ஒரு நல்ல தமிழ் வார்த்தைகூட உங்களுக்கு ஆகாதா என்று கேட்டேன்.

“நாளைக்கும் அதே டீக்கடை, அதே பேப்பர். அவரு பேருக்குப் பக்கத்துல ‘வருந்துகிறோம்’னு இருந்தா என்ன ஆகும் தனம்மா?”

படம் வேண்டாம், சுற்றிலும் கட்டம்கூட வேண்டாம் என்றார். கட்டம் கறுப்பாகத்தான் அச்சாகும், இரங்கல் அறிவிப்பு போல இருக்கும் என்பது காரணம். அவர் எழுதியது இது: ‘இன்னார் நலமாக இருக்கிறார். நேற்று வீட்டாரோடு பேசினார். நேற்று எங்கள் விளம்பரத்தில் வந்த அவருடைய படத்தை வீட்டாரைக் கேட்காமல் போட்டது எங்கள் தவறு.’ கீழே எங்கள் இருவர் பெயரும். முழு வாழ்க்கையையும் விளம்பரம் எழுதியே கழித்தவர் எழுதியதிலேயே நல்ல விளம்பரம் அதுதான் என்று நினைக்கிறேன். மனைக்காரர் அதைப் பார்த்துவிட்டு எங்களிடம் இருந்த வேலை எல்லாவற்றையும் வேறு இடத்துக்குக் கொண்டுபோனார். வீரரின் அண்ணன் மறுநாள் கூப்பிட்டு, “பாத்தோம்” என்றார். வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த அம்மாவைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. என்னை அத்தனை பேர் முன்னால் காட்டிக்கொடுத்ததற்காக அவரிடம் ஒரு மாதம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அவர் இறந்து காரியம் முடிந்த மறுவாரம், ஒரு தனியார் பள்ளிக்கூடத்திலிருந்து விளம்பரம் வந்தது. முதல் மதிப்பெண் வாங்கிய மாணவியின் படம் பெரிதாக, அவசரமாக. பள்ளிக்கூடம் தந்த படம், யாரையும் கேட்க வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. ஆனாலும் அந்தப் பெண் வீட்டுக்கு அடித்தேன். போனை அவளே எடுத்தாள். “அந்தப் படமா மேடம்? வேணாம் மேடம். அதுல நான் நானாவே இல்ல” என்றாள். வேறு படம் இல்லை என்றாள். நாளைக்கு எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டாள். பள்ளிக்கூட மேலாளர் என்னிடம் கத்தினார். பத்திரிகையில் பிடித்து வைத்திருந்த இடம் கைவிட்டுப் போனது. நான் எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்து, மனுஷன் செத்தும் வேலை செய்ய விடமாட்டேங்கிறாரே என்று வாய்விட்டே சொன்னேன்.

கோவர்த்தனனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தத் தொந்தரவைத்தான். மறுநாள் அந்தப் பெண் புதுப் படம் அனுப்பினாள். அதைத்தான் போட்டேன்.