கவுச்சிக்கு ஒரே தட்டு

எங்கள் வீட்டில் கவுச்சிக்கு ஒரே தட்டுதான். கறியோ மீனோ, தோட்டத்தில் தனி அடுப்பில் வேகும். அந்தச் சட்டியும் தட்டும் குழாயடியிலேயே கிடக்கும், உள்ளே வராது. முன்னறையில் பட்டுத் தறி, பக்கத்திலேயே சாமி மாடம். கறி சாப்பிட்டவர் தலை முழுகாமல் தறியில் உட்காரக் கூடாது என்பது என் வீட்டுக்காரரின் கண்டிப்பு. கல்யாணமான நாளிலிருந்து இதற்கெல்லாம் ஈடுகொடுத்து எனக்கு அலுத்துப்போயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை ஒரு கரி அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆன்லைனில் வாங்கினாராம். தோட்டத்தில் பார்பெக்யூ போடலாம் அத்தை என்றார். காலையிலிருந்து தறிக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றி எனக்குத் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வளைகாப்பு முடிந்து எங்களோடு வந்திருந்த மகள் அத்தனை ஆசையாகப் பார்த்தாள்.

ஐந்தாம் மாதத்தில் அவள் ஒரு விசேஷ வீட்டில் கோழி சாப்பிட்டுவிட்டு, வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கட்டிலுக்குக் கீழே பாயில் கிடந்து, குழந்தை அசைகிறதா, அசைகிறதா என்று கேட்டே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. பச்சைக்கறித் தண்ணீர் வெந்ததில் பட்டிருக்கும், இன்னொரு தடவை இப்படி ஆனால் குழந்தை தாங்காது என்றார் டாக்டரம்மா.

அதனால் அன்று நான் அடுப்பை விட்டு நகரவில்லை. கரி கொழுந்துவிட்டு எரியும்போதே மாப்பிள்ளை கோழிக்கால்களை அடுக்கப் போனார். கரி மேல் சாம்பல் பூக்கட்டும், இல்லாவிட்டால் மேலே தீய்ந்து எலும்போரம் பச்சையாகவே நிற்கும் என்றேன். தடித்த இடத்தில் கீறி, வடிகிற நீர் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். நல்ல மனிதர், சொன்னபடி செய்தார். புகை மட்டும் என் கண்ணைத் தேடித் தேடி வந்தது.

அடுப்பு சின்னது. முதல் ஈடு வெந்தபோது மீதிக் கோழி மசாலாவோடு கவுச்சித் தட்டில் ஊறிக்கொண்டிருந்தது. வெந்ததை அதே தட்டின் ஓரத்தில் வைக்கப் போனார். இருங்க என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். அவசர முகூர்த்தப் புடவை என்று தறியில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"உள் தட்ட எங்க எடுத்துக்கினு போற?"

"பச்சையும் வெந்ததும் ஒரே தட்டுல வெக்கக் கூடாது. புள்ளத்தாச்சி துன்னணும்."

"இத்தினி வருசமா அந்தத் தட்டுல தானே துன்னோம், யாரு செத்தா? வெளிய போற தட்டு திரும்ப உள்ள வராது, ஆமா."

சண்டை போடத் தெம்பில்லை. அடுக்கிலிருந்து என் தட்டை எடுத்தேன். அது போனால் கேட்க ஆள் கிடையாது. இடுக்கியைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெந்ததையெல்லாம் என் தட்டில் வாங்கினேன். மகள் வயிறாரச் சாப்பிட்டாள். மறுநாள் காலை அவள் முகம் தெளிவாக இருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

மாப்பிள்ளை கிளம்பிப் போன பிறகு, திங்கட்கிழமை மத்தியானம் வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் சோறு போட்டேன். எனக்கு வேறு தட்டு எடுத்திருக்கலாம். கை போகவில்லை, ரோஷம். குழாயடியில் கிடந்த என் தட்டைத் துலக்கி, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ரசம் சோற்றைப் பிசைந்தேன். மகள் தேடிக்கொண்டு வந்தாள்.

"ஏம்மா வெளிய உக்காந்துக்கினு துன்ற?"

"என் தட்டு இங்க தானே இருக்குது."

அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். அப்பாவிடம் சண்டைக்குப் போகிறாளோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லை. வயிற்றைத் தாங்கிக்கொண்டு, பாதி சாப்பிட்ட சோற்றோடு தன் தட்டையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துப் படி இறங்கி வந்தாள். அவர் கையைக்கூடக் கழுவாமல் பின்னாலேயே வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தள்ளி உக்காரும்மா" என்றாள்.