மாமா குடித்த கஞ்சி

காய்ச்சல் தணிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அத்தா, பசியை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார். இப்படியே சாப்பிடாமல் இருந்தால் மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாளிக்கும் வாசனை அவருக்குக் குமட்டும் என்று பயந்து அம்மா வெறும் கஞ்சிதான் வைத்தார். எனக்கும் அதுதான்.

அம்மாவின் தம்பியான மாமா, சூலியா தெருவில் நாசி கண்டார் என்னும் கறிச்சோறு விற்கும் ஒரு கடையில் சோற்றுக்குக் கறி ஊற்றுபவர். ஒரு மாலை வேலை முடிந்து பொட்டலத்தோடு வந்த மாமா, அத்தாவின் கட்டிலருகே தரையில் சம்மணமிட்டு அதைப் பிரித்தார். எல்லாக் குழம்பும் ஒன்றாய்க் கலந்து சோறு மூழ்கிக் கிடந்தது. மணம் மாடிப்படி வரை போனது.

“டேய், மனுசன் முடியாமப் படுத்திருக்காரு. அவரு முன்னாடியா தின்னுவே?” என்றார் அம்மா.

“எனக்குப் பசிக்குதுலா அக்கா. மச்சானுக்கா குடுத்தேன்?”

எலும்பை உறிஞ்சினார், விரல்களை நக்கினார். எனக்கு ஒரு வாய் நீட்டவில்லை. அத்தா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாளும் மாமா வந்தார். அத்தா திரும்பவில்லை, பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். அதற்கடுத்த மாலை, “அது ஆட்டுக் கறியா?” என்றார்.

“உங்களுக்கு ஆகாதுலா மச்சான்.”

“ஒரு சொட்டு நாக்குல வைடா.”

மாமா கரண்டியில் எடுத்து வைத்தார். அத்தா கண்களை மூடினார். பிறகு, “சோத்தோட கொஞ்சம்” என்றார். தட்டெடுக்க அடுப்படிக்குப் போன அம்மா வெகுநேரம் திரும்பி வரவில்லை.

கஞ்சாவில் இருப்பதைப் போன்ற பொருட்களை நம் உடலும் தானே உண்டாக்குகிறது என்று அண்மையில் படித்தேன். கொழுப்பு நாக்கில் பட்டதும் குடலில் அவை கூடி, இன்னும் இன்னும் என்று பசியைத் தூண்டுமாம், எலிகளில் பார்த்திருக்கிறார்கள். மனிதரிலும் அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. மாமா இதில் எதையும் படித்தவரில்லை.

கிளம்புமுன் அவர் தினமும் அடுப்படியில் நின்று, அத்தா தொடாமல் வைத்த கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடிப்பார். கறி போதாமல் நோயாளியின் கஞ்சியையும் விடாத பெருந்தீனிக்காரர் என்று நினைத்தேன். பகலெல்லாம் அந்த மணத்தில் நிற்பவருக்குக் கடைக் கறியைக் கண்டாலே குமட்டும் என்பதை அம்மா வெகுகாலம் கழித்துத்தான் சொன்னார். கஞ்சியைக் குடிக்கும்போது மட்டும் அவர் முகம் தெளிந்ததை நான் அப்போதே பார்த்திருந்தேன்.