கூரை வாங்கிக்கொள்ளாத பல்

பேய்க் கதையை யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய் அடுப்பைப் பார்க்கிற ஆள் நான். அமெரிக்காவில், சன்னிவேலில் ஒரு தோசைக் கடையில் சமையல் வேலை. படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது, ஆனாலும் கண்ணால் பார்க்காத எதையும் நம்பியதில்லை. இதை வாசிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர், அங்கிள் நன்றாக ரீல் விடுகிறார் என்பீர்கள். பரவாயில்லை, நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

என் மனைவி செல்வி சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள். நன்றாக வேலை பார்த்தாள் என்று, நாபாவில் திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் ஒரு பெரிய ஓட்டலில் குடும்பத்தோடு தங்கிவிட்டு வரும்படி ஆபீஸில் பரிசு கொடுத்தார்கள். ஒயின் குடித்துப் பார்க்க வருகிறவர்களுக்கான ஓட்டல் அது. எங்கள் வீட்டில் அதிகபட்சம் ரோஸ்மில்க். இருந்தாலும் வந்ததை விடுவானேன் என்று கிளம்பினோம். பெட்டியில் துணிக்கு அடியில் சின்ன ரைஸ் குக்கரும் பருப்புப் பொடியும் வந்தன. போனதும் குக்கரைக் குளியலறையில் வைத்துவிட்டு, யாரும் உள்ளே வந்து பார்த்துவிடக் கூடாதே என்று, தொந்தரவு செய்யாதீர்கள் என்ற அட்டையைக் கதவில் மாட்டினேன்.

சாயங்காலம் எங்கள் மகள் யாழினி, வரவேற்பில் வைத்திருந்த ஆப்பிளை ஒரு கடி கடித்தாள். ஆடிக்கொண்டிருந்த முன்பல் ஆப்பிளிலேயே நின்றுவிட்டது. அவளுக்கு விழுந்த முதல் பல் அதுதான். தலையணைக்கு அடியில் வைத்தால் டூத் ஃபேரி என்கிற பல் தேவதை வந்து எடுத்துக்கொண்டு பரிசு வைத்துவிட்டுப் போகும் என்று அவள் வகுப்பே சொல்லிக்கொடுத்திருந்தது. எங்கள் பக்கத்திலோ பால் பல் விழுந்தால் சாணியில் பொதித்துக் கூரை மேல் எறிவோம், அப்போதுதான் அடுத்த பல் ஒழுங்காக முளைக்கும். இதெல்லாம் மூடநம்பிக்கை என்றாள் செல்வி. நம்பிக்கையே இல்லை, வெறும் வழக்கம் என்றேன் நான்.

"பட் அப்பா, ரூஃப்ல போட்டா டூத் ஃபேரிக்கு எப்படித் தெரியும்?"

"பறந்து வர்றவங்கதானே கண்ணு, கூரையைத் தாண்டித்தானே உள்ள வரணும். வழியிலயே எடுத்துக்குவாங்க."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

அந்த ஒரு வார்த்தையில்தான் மாட்டிக்கொண்டேன்.

அந்த ஓட்டலில் சாணிக்கு எங்கே போவது? நல்லவேளையாகக் கொடிகளுக்கு இடையில் புல் மேய செம்மறி ஆடுகளை விட்டிருந்தார்கள். குனிந்து புழுக்கை பொறுக்கிக்கொண்டிருந்தபோது, கையில் ஒயின் கிளாஸோடு ஒரு வெள்ளைக்கார அம்மா நின்று என்னையே பார்த்தார். ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று "ஆர்கானிக்" என்றேன். மிகுந்த மரியாதையோடு தலையாட்டிவிட்டுப் போனார். புழுக்கையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, பல்லை உள்ளே வைத்து உருட்டி, எங்கள் அறைக்கு மேலே ஓட்டுக் கூரையில் எறிந்தேன். டொக்கென்று சத்தம் கேட்டது. நானும் யாழினியும் கீழே தரையெல்லாம் தேடிப் பார்த்தோம், எதுவும் உருண்டு விழவில்லை.

மூன்று பேருமாகத் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து கதவைத் திறந்தால், நம்பினால் நம்புங்கள், தலையணை நடுவில் அந்தப் பல் இருந்தது. கழுவித் துடைத்த மாதிரி பளிச்சென்று.

செல்வி என்னை முறைத்தாள், நான் அவளை முறைத்தேன், ஆனால் சுற்றிய நேரமெல்லாம் சேர்ந்தேதான் இருந்தோம். வரவேற்புக்குப் போன் போட்டுக் கேட்டேன். கதவில் அட்டை தொங்குவதால் எங்கள் ஆட்கள் யாரும் உள்ளே வரவில்லை என்றாள் வரவேற்பில் இருந்த பெண். கூடவே, உங்கள் அறையில் ஏதாவது வேகிறதா என்று ரொம்பப் பணிவாக விசாரித்தாள். போனை வைத்துவிட்டேன்.

ஆட்டுப் புழுக்கை சரிப்படவில்லை போலும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே வெறும் பல்லை எடுத்துப் போய், இந்தத் தடவை ஓட்டலின் பெரிய கட்டடத்துக் கூரையில், கை வலிக்க வீசினேன். செல்வியும் யாழினியும் கூடவே நின்று பார்த்தார்கள். திரும்பி வந்தால் மறுபடியும் தலையணையில் பல். இப்போது மடித்த டிஷ்யூ பேப்பர் மேல், கொஞ்சம் கோபமாக வைத்த மாதிரி.

துணிகளை அள்ளிப் பெட்டியில் போட ஆரம்பித்தேன். வேறு அறை கேட்போம் என்றேன். சாதம் பாதி வெந்திருக்கிறது, இப்போது எங்கே மாறுவது என்றாள் செல்வி.

யாழினி மட்டும் பல்லைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரூஃபுக்கும் வேணாமாம், டூத் ஃபேரியும் எடுத்துக்கல. என் டூத் மட்டும் யாருக்குமே வேணாமா அப்பா?"

அதுவரை எனக்குப் பயம்தான் பெரிதாக இருந்தது. அவள் உதடு நடுங்குவதைப் பார்த்ததும் அதெல்லாம் போய்விட்டது. பல்லைத் தலையணைக்கு அடியில் அவளையே வைக்கச் சொன்னேன். பிறகு கூரையைப் பார்த்துக் கை கூப்பினேன்.

"மேல யாரு இருந்தாலும் சரி, புள்ளை மனசு கஷ்டப்படுது. தயவு செஞ்சு எடுத்துக்குங்க."

உள்ளூர் ஆளாக இருந்தால் தமிழ் புரியாதே என்று, "ப்ளீஸ் டேக்" என்றும் சேர்த்துச் சொன்னேன். செல்வி சிரிப்பை அடக்கப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

விடிந்ததும் யாழினிதான் முதலில் தலையணையைத் தூக்கினாள். அவள் பல்லைக் காணவில்லை. அந்த இடத்தில் வேறொரு பல் இருந்தது. இன்னும் சின்னது, லேசாக மஞ்சள், அதன் குழிக்குள் சாணி. செல்வியைப் பார்த்தேன். யாழினிக்குப் பரிசாக வைக்க வாங்கிய சாக்லேட்டை இன்னும் பைக்குள்ளேயே வைத்திருந்தாள், முகம் வெளுத்திருந்தது.

யாழினிக்குப் பயமே இல்லை. "ட்ரேட் பண்ணிக்கிட்டாங்க அப்பா. இதையும் யாரும் எடுத்துக்கல போல. நான் வச்சுக்கறேன்," என்று ஓட்டைப் பல்லோடு சிரித்தாள்.

சன்னிவேலுக்குத் திரும்பியதும் பல் டாக்டரிடம் காட்டினேன். ஏதோ ஒரு குழந்தையின் பால் பல் என்று மட்டும் சொன்னார். அதில் இருப்பது ஆட்டுப் புழுக்கை இல்லை, பசுஞ்சாணி, அந்த வாசனை எனக்குத் தெரியாதா? ஒரு சிமிழில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறோம். வருஷம் ஒன்றாகிவிட்டது, யாழினிக்குப் புதுப் பல் நேராகவே முளைத்துவிட்டது. போன வாரம் சிமிழைத் திறந்து பார்த்தேன். சாணி இன்னும் காயவில்லை.