சிவப்பு மூடி போட்ட மஞ்சள் மெஷின்

1. வாழைப்பழமும் தபால் பெட்டியும்

என்னிடம் இருக்கும் செயின்சோ மஞ்சள் கம்பெனியுடையது. அதன் மேல்மூடி மட்டும் சிவப்பு. அந்தச் சிவப்பை நானேதான் பூசினேன். மரம் வெட்டும் தொழிலில் உள்ளவர்கள் அதைப் பார்த்தால் முதலில் சிரிப்பார்கள், பிறகு ஏன் என்று கேட்பார்கள். ஆளுக்கொரு பொய் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இப்போது வேலையை விட்டாயிற்று. மெஷின் பிடிக்கிற புதுப் பிள்ளைகள் படிப்பதற்காக உண்மையை எழுதிவைக்கிறேன்.

இலங்கை மலையகத்தில் வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். ஃபேக்டரி அடுப்புக்கு யூகலிப்டஸ் மரம் வெட்டிக் கொடுப்பது எங்கள் வேலை. முதல் நாள் காலை, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் புது மஞ்சள் மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். அங்கே ஏற்கெனவே ஒருவன் சிவப்பு மெஷினைக் காலடியில் வைத்துக்கொண்டு பீடி குடித்துக்கொண்டிருந்தான். பெயர் சவரிமுத்து. என் வயதுக்காரன். என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"என்னா மச்சான், ஹட்டன்ல மெஷினு கெடைக்கலையா? வாழப்பழத்தத் தூக்கிட்டு வந்திருக்க?"

"ஒன்னுதப் பாத்தா தபால் பெட்டின்னு நெனச்சேன். காயிதம் போட வாய் எங்க இருக்கு?" என்றேன்.

பெரட்டில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கே இரண்டு கட்சி ஆகிவிட்டது. கொப்பு வெட்டும் ஆட்கள் ஆறு பேரில் மூன்று பேர் சிவப்பு, மூன்று பேர் மஞ்சள். சிவப்புக் கட்சி ஆள் ஒருவர் மகளின் சடங்குக்கு மஞ்சள் துணியில் பந்தல் கட்ட மாட்டேன் என்று நின்று, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டார். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா தலையில் அடித்துக்கொள்வார்.

"மெஷினு எந்தக் கலரா இருந்தா என்னாடா? சாயங்காலம் வெறகு ரோட்டுக்கு வரணும். அத மட்டும் பாருங்க."

இப்போது நேர்மையாகச் சொல்கிறேன், அப்போது செத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். சிவப்பு மெஷின் கனம், ஆனால் ஐடிலில் விட்டால் டேங்கில் சொட்டுப் பெட்ரோல் இருக்கும்வரை நிற்காது. என்னுடையது லேசு, வெண்ணெயாக அறுக்கும். ஆனால் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் சில நேரம் தானாக நின்றுபோகும். சவரிமுத்துவுக்கு அதுபோதும்.

"கொட்டாவி விட்டுருச்சுடா! பாய எடுத்துப் போடு, தூங்கட்டும்!"

மலை முழுக்கக் கேட்கும்படி கத்துவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

2. மரத்துக்குக் காது கொடுப்பது

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. விழவேண்டிய பக்கம் வாய் வெட்டி, பின்பக்கம் முக்கால்வாசி அறுத்ததும் மெஷினை நிறுத்திவிட வேண்டும். நிறுத்திவிட்டு ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா நிற்க வேண்டும். அந்த அமைதியில் மரம் பேசும். முதலில் சின்னதாக ஒரு முனகல், பிறகு நரம்பு தெறிக்கிற சத்தம். எந்தப் பக்கம் போகப்போகிறது என்பதை அதுவே சொல்லிவிடும். இதை நாங்கள் 'மரத்துக்குக் காது கொடுப்பது' என்போம்.

இன்னொன்று, மரம் விழுந்ததும் ஆக்சிலேட்டரை மூன்று தடவை முறுக்கி உறுமவிடுவோம். பனி இறங்கினால் பக்கத்தில் நிற்பவனின் முகமே தெரியாத மலை அது. போன் சிக்னலும் கிடையாது. மூன்று உறுமல் கேட்டால், மரம் விழுந்தது, ஆள் நலம் என்று அர்த்தம். சவரிமுத்து அதையும் வீம்புக்குத்தான் செய்வான். அவனுடைய மூன்றாவது உறுமல் எப்போதும் கொஞ்சம் நீளும். அது எனக்கான கேலி. கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் மெஷினுக்கு நடுவில் அதை நான் கண்டுபிடிப்பேன்.

3. பந்தயம்

இரண்டு கட்சிக்கும் சாமான் விற்றவர் ஹட்டனில் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர்தான், நானா என்று கூப்பிடுவோம். கடையில் வலது பக்கம் சிவப்புக்கு, இடது பக்கம் மஞ்சளுக்கு. நாங்கள் நடுவில் நின்று சண்டை போடுவோம்.

"ரெண்டு கம்பெனிக்காரனும் ஒங்களுக்குச் சம்பளம் தாரானா? ஏன் இப்பிடி அடிச்சிக்கிறீங்க?" என்பார்.

ஒருநாள் அங்கேதான் பந்தயம் பேசினோம். இரண்டு டேங்கையும் நிரப்ப வேண்டும். ஒரே நேரத்தில் ஸ்டார்ட் பண்ண வேண்டும். எவன் மெஷின் முதலில் நிற்கிறதோ அவன் தோற்றவன். வேலை செய்யாமல் சும்மா ஐடிலில் விட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பது களவு. தோற்றவன் தன் மெஷின் மூடிக்கு ஜெயித்தவனின் கலரைப் பூச வேண்டும்.

"பெயிண்டு நான் தாரேன்" என்றார் நானா. அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாளே தனியாகப் போய் மெஷினைக் கொடுத்தேன். நானா கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, புதுப் பிளக் போட்டு, ஐடில் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றிவிட்டார்.

"இனி லேசுல நிக்காது. ஆனா ஒன்னு கேக்கவா? மரத்துக்குக் காது குடுக்கணும்னு சொல்லுவீங்களே, அது எப்பிடி? நிப்பாட்டினா தோத்துப் போவீங்களே?"

இரண்டு பேரும் யோசிக்காத விஷயம் அது. கடைக்கு வெளியே வந்தபோது சவரிமுத்து எதிரே வந்தான். அவனிடம் கேட்டேன்.

"பயந்தா இப்பவே சொல்லிரு மச்சான். செவப்புப் பெயிண்டு நானே வாங்கித் தாரேன்" என்றான்.

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. நான் செய்த பிழை அதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வந்தது.

4. பத்தாம் நம்பர் மலை

பத்தாம் நம்பர் மலையில் மேல்பக்கம் அவனுக்கு, கீழ்ப்பக்கம் எனக்கு. நடுவில் ஒரு பழைய லயம், ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய தொழிலாளர் குடியிருப்பு. மண்சரிவு வரும் என்று சொல்லி ஆட்களை வெளியேற்றியதிலிருந்து காலியாகக் கிடந்தது. கூரைத் தகரம் பாதி இல்லை, கதவுகளும் இல்லை. கொப்பு வெட்டுகிறவர்கள் கீழே ரோட்டோரம் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். காலை எட்டு மணி இருக்கும், பனி அப்படியே உட்கார்ந்திருந்தது. இரண்டு பேரும் லயத்து வாசலில் ஒன்றாகக் கயிற்றை இழுத்தோம். இரண்டு மெஷினும் ஒரே இழுப்பில் பற்றிக்கொண்டன. சிரித்துக்கொண்டே மேலே ஏறினான். நாலு எட்டு வைத்ததும் பனி அவனை மூடிக்கொண்டது.

முதல் மரம் சாய்த்தேன், மூன்று உறுமல். மேலேயிருந்து பதில் உறுமல், கடைசியில் அந்த நீட்டல். இரண்டாவதும் அப்படியே. அவனுடைய மூன்றாவது மரமும் விழுந்தது கேட்டது. நான் என் மூன்றாவது மரத்தை முழு வேகத்தில் அறுத்துக்கொண்டிருந்ததால் கொஞ்ச நேரம் வேறு எதுவும் காதில் விழவில்லை.

அது சாய்ந்த பிறகுதான் கவனித்தேன். மேலே சிவப்பு மெஷின் ஐடிலில் ஓடிக்கொண்டிருந்தது. அறுக்கிற சத்தம் இல்லை. பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறான் என்று நினைத்தேன். சரி, ஆப்பு அடிக்கிறானாக்கும் என்று நாலாவது மரத்துக்கு வாய் வெட்டினேன். மறுபடி காது வைத்தேன். அதே ஐடில். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தொட்டிலாட்டுகிற மாதிரி ஒரே தாளம்.

பிறகு உறுமியது. ஒன்று, இரண்டு, மூன்று.

மரம் விழுந்த சத்தமே இல்லை. மூன்றாவது உறுமலில் நீட்டலும் இல்லை. மூன்றும் ஒரே அளவு. ஆள் தெரியாத யாரோ முறுக்குவது போலிருந்தது. ஆனால் கோபம் பயத்தை முந்திக்கொண்டது. விழாத மரத்துக்குக் கணக்குக் காட்டுகிறான், களவாணி. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

மெஷினைக் கீழே வைத்தால் நின்றுவிடும் என்று, ஓடுகிற மெஷினைக் கையில் பிடித்து முறுக்கிக்கொண்டே மலை ஏறினேன். லயத்தருகே வந்ததும் சத்தம் உள்ளேயிருந்து வந்தது. முதல் காம்பராவில் எட்டிப் பார்த்தேன், யாருமில்லை. இரண்டாவதில் கேட்டது, அங்கேயும் யாருமில்லை. ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு மெஷின் ஓடுவது போலவும், நான் எட்டிப் பார்க்கும்போது அது அடுத்த காம்பராவுக்குப் போய்விடுவது போலவும் இருந்தது. சுவரில் பட்டு எதிரொலிக்கிறது என்று எனக்கே தெரியும். தெரிந்தும் கடைசிக் காம்பராவுக்குள் எட்டிப் பார்க்காமலே ஓடிவந்துவிட்டேன்.

மேலே ஒரு மரம் முழுதாக அறுபட்டு, குறுக்கே கிடந்தது. அறுத்த அடிக்கட்டையின் மேல் சிவப்பு மெஷின் நேராக உட்கார்ந்து ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை.

"எங்கடா ஒளிஞ்சிருக்க? களவாணிப் பயலே! வெளிய வாடா!"

என் மெஷினை முறுக்கி முறுக்கிக் கத்தினேன். அவன் எனக்குப் பத்தடி தள்ளி, கொப்புகளுக்கு அடியில், மழைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் கிடந்திருக்கிறான். முனகியிருக்கிறான். என் மெஷின் போட்ட சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

நான் மெஷினை நிறுத்தினேன், அதனால் அவனைக் காப்பாற்றினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. கண்டாக்கையாவிடம் அப்படித்தான் சொன்னேன். அது பொய். கத்துகிற வேகத்தில் என் விரல் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டது. நானா அவ்வளவு சரிபண்ணியும் மஞ்சள் மெஷின் தன் பழைய புத்தியைக் காட்டியது. தானாக நின்றுபோனது.

தோற்றுப்போனேனே என்றுதான் முதலில் நினைத்தேன். வெறுப்பில் சிவப்பையும் எட்டி நிறுத்தினேன். மலை அமைதியானது. அப்போதுதான் கொப்புகளுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"நின்னுருச்சா மச்சான்? ஒன்னுது... ஒன்னுது தானே மொதல்ல?"

5. பெயிண்ட் டின்

அவனுடைய நாலாவது மரம் பக்கத்து மரத்தில் கொளுவிக்கொண்டு கீழே விழாமல் நின்றிருக்கிறது. பந்தயத்துக்காக மெஷினை நிறுத்தாமல் கட்டை மேல் வைத்துவிட்டு, அதை நெம்பிவிட அலவாங்கோடு அடியில் போயிருக்கிறான். மரம் முனகியிருக்கும். ஐடில் சத்தத்தில் அவனுக்கு அது கேட்கவில்லை. மரம் நழுவி அவன் மேலேயே விழுந்துவிட்டது. நான் போட்ட கூச்சலில் ஆட்கள் ஏறிவந்து, மரத்தைக் கிளப்பி, சாக்கில் தூக்கிக் கீழே கொண்டுபோனோம். உயிர் பிழைத்தான். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலருகே உட்கார்ந்து அழுதேன். அவன் அழவில்லை.

"ஒன் மெஷினு எப்படா நிக்கும்னுதான் கெடந்தேன். நின்னா நான் கத்துறது ஒனக்குக் கேக்கும்ல? என்னைக்கும் நிக்கிற மெஷினு அன்னைக்குன்னு பாத்து நிக்கவே மாட்டேங்குது. மாதாவே, அந்த வாழப்பழம் கொட்டாவி விடணும்னு வேண்டிக்கிட்டேன்."

"நீ கீழ கெடந்தா, முறுக்குனது யாரு?" என்று கேட்டேன்.

தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

"அத நான் ஒன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன். எனக்கும் கேட்டுச்சு. மூணு தடவ. ஆரோ வந்துட்டாங்கன்னு நெனச்சி, 'இங்க கெடக்கேன்'னு சத்தம் குடுத்தேன். ஒருத்தரும் வரல."

நானாவிடம் போய்ச் சொன்னேன். அவர் தொழில் தெரிந்தவர்.

"டேங்கு காயப் போற நேரம் காத்து உள்ள போவும். அப்ப மெஷினு தானா ஏறி எறங்கும். பேயும் இல்ல, ஒன்னுமில்ல."

"டேங்குல கால்வாசி இருந்துச்சு நானா. நான் தொறந்து பாத்தேன். மெஷினும் சரியல, நேரா உக்காந்திருந்துச்சு."

நானா என் முகத்தையே பார்த்தார். பிறகு உள்ளே போய், சிவப்புப் பெயிண்ட் டின்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பந்தயம் பந்தயம்தானே. அன்றே பூசினேன்.

6. பிளக்

அதற்குப் பிறகு நான் வேலை செய்த காலம் முழுக்க, என் பக்கத்தில் எவனும் மெஷினை ஓடவிட்டு மரத்தடிக்குப் போக விட்டதில்லை. போனால் அடிப்பேன். தம்பிகளே, மெஷினின் சத்தம் கேட்டால் மெஷின் நலமாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஆள் நலமா என்று தெரிய, அதை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் நான் கற்றது இதுதான்.

சவரிமுத்து இப்போது ரோட்டோரம் சின்னக் கடை வைத்திருக்கிறான். இன்றைக்கும் சிவப்புத்தான் உசத்தி என்பான். மஞ்சளைப் பற்றி மட்டும் பழையபடி பேசுவதில்லை. அவன் மெஷின் வீட்டில்தான் இருக்கிறது, விற்க மனம் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே அதன் பிளக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தான்.

"இது ஒன்கிட்டயே இருக்கட்டும் மச்சான்."

பிளக் இல்லாமல் எந்த மெஷினும் ஸ்டார்ட் ஆகாது. பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

பனி கனமாக இறங்கும் காலைகளில் அவனிடமிருந்து போன் வரும். சுகம் விசாரிக்க மாட்டான். ஒரே கேள்விதான்.

"பிளக்கு இருக்கா பாரு மச்சான்."

டின்னைத் திறந்து பார்ப்பேன். இருக்கும்.

"இருக்கு மச்சான். நீ படு."

அவன் போனை வைத்துவிடுவான். அந்த நேரம் என் ஜன்னலுக்கு வெளியே, பனிக்குள்ளே எங்கேயோ, ஒரு மெஷின் ஐடிலில் ஓடிக்கொண்டிருப்பது எனக்கும் கேட்கும். அதை அவனிடம் நான் இதுவரை சொன்னதில்லை.