கட்டில் மேல் தின்ற உப்புமா

ரயிலில் முகம் தெரியாதவரிடமும் கதை பேசுகிறவன் நான். மனைவியிடம் மட்டும் பேச்சு நின்றுபோயிருந்தது. இருவரும் சம்மதித்துத்தான் விவாகரத்துக்காக வக்கீலம்மாவைப் பார்க்கப் போனோம்.

"ஒரு வருஷம் பிரிஞ்சு இருக்கணுமாமே. நாங்க ஒரே ஊட்லதான் கீறோம். நான் வேற ஊடு பாக்கணுமா மேடம்?" என்றேன்.

"ஒரே வீட்ல இருந்தாலும், புருஷன் பொண்டாட்டியா வாழலைன்னா பிரிஞ்ச கணக்குதான். கடைசியா எப்போ சேர்ந்து சாப்ட்டீங்க?"

எனக்கு நினைவே வரவில்லை. மனைவிதான் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"போன மழைக்கு முந்தின மழை மேடம். ஊட்டுக்குள்ள தண்ணி. கட்டில் மேல குந்திகினு உப்புமா துன்னோம். மீன் வந்தா கொழம்பு வெச்சிரலாம்னு இவரு சொன்னாரு. சிரிச்சேன்."

"அப்ப வருஷம் தாண்டியாச்சு. நீங்க எங்கயும் போக வேணாம்," என்றார் வக்கீலம்மா.

திருநின்றவூருக்கு ஒரே ரயிலில், தள்ளித் தள்ளி உட்கார்ந்து திரும்பினோம். அன்று நான் யாரிடமும் பேசவில்லை.