புன்பெங் அக்காவின் கூட்டுக் கணக்கு

குடிவரவு அலுவலகத்துக்கு எதிரில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வெள்ளைக்காரக் கிழவர்கள் புண்ணியத்தில்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதனால் அவர்களைப் பற்றி நான் வாய் திறக்கக் கூடாது. ஆனாலும் திறப்பேன். அப்படி ஒரு கோபம் எனக்குள் கிடக்கிறது.

புன்பெங் அக்கா என் பெரியம்மா மகள். பேருந்து நிலையத்தில் கோழி சுட்டு விற்றவள். முதல் புருஷன் தைவானுக்கு வேலைக்குப் போய் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். அதற்கு அவள் ஒரு நாள் அழுதாள், மறுநாள் கரி மூட்டினாள். அந்தக் கோழியைத் தின்ன வந்தவர்தான் நெவில் அத்தான். ஆஸ்திரேலியாவில் நிலக்கரி ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். நாள் தவறாமல் வந்தார், கை சுடச் சுட ஒட்டரிசிச் சோற்றை உருட்டித் தின்னக் கற்றுக்கொண்டார். கடைசியில் ஒரு நாள் ஊரைக் கூட்டி, பிக்குகளுக்குச் சோறு போட்டு, கையில் வெள்ளை நூல் கட்டிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். நூல் கட்டினார்களே தவிர மாவட்ட அலுவலகத்தில் பதிவு செய்யவில்லை.

அதற்கு அத்தானிடம் ஒரு காரணம் இருந்தது. அவர் ஊரில் முதல் மனைவி விவாகரத்து வாங்கியபோது வீட்டில் பாதி போய்விட்டதாம். இனி எந்தப் பதிவேட்டிலும் கல்யாணக் கையெழுத்துப் போடுவதில்லை என்று பீர் பாட்டில் மேல் சத்தியம் செய்திருந்தார். "காகிதத்துல என்னம்மா இருக்கு? நூல் கட்டியாச்சு இல்ல?" என்பார். அக்கா சிரித்துவைப்பாள். எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பு பிடிக்காது.

காகிதத்தில் ஒன்றும் இல்லை என்று சொன்ன மனிதர் காகிதத்தால்தான் உயிர் வாழ்ந்தார் என்பதுதான் வேடிக்கை. ஓய்வுபெற்ற வெளிநாட்டுக்காரர் இங்கே தங்க வேண்டுமானால் வருடத்துக்கு ஒரு முறை விசாவை நீட்டிக்க வேண்டும். அதற்கு உள்ளூர் வங்கியில் எட்டு லட்சம் பாத் கிடக்க வேண்டும். மனுப் போடும் நாளுக்கு முன்னால் இரண்டு மாதம் அது அசையக் கூடாது. நீட்டித்துக் கொடுத்த பிறகும் மூன்று மாதம் தொடக் கூடாது. அதற்கப்புறம்கூடப் பாதிக்குக் கீழே இறங்கினால் வம்பு. எங்கள் வீட்டில் அதற்குச் சாமிப் பணம் என்று பெயர். கும்பிடலாம், கை வைக்க முடியாது.

ஒரு வருடம் நீட்டிப்பு வாங்கிய கையோடு கோடைப் புயல் வந்து கூரைத் தகடுகளைப் பிய்த்துக்கொண்டு போனது. அவருடைய ஓய்வூதியம் மாதச் செலவுக்கே சரியாக இருந்தது. எட்டு லட்சம் வங்கியில் ஏசி காற்று வாங்கிக்கொண்டிருந்தது. அக்கா கட்டில் மேல் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டி, கால்மாட்டில் வாளி வைத்துப் படுத்தாள். "மூணு மாசம் போகட்டும் பெங், மாத்திடலாம்" என்றார் அத்தான். அவரும் அதே விரிப்புக்குக் கீழேதான் படுத்தார், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீடும் நிலமும் அவள் பெயரில் இருப்பவை. அந்த வாளியை அவள் யாருடைய விசாவுக்காக வைத்தாள்?

நீட்டிப்பு நாள் வந்தால் அக்கா விடிவதற்கு முன்பே எழுந்து அவருடைய சட்டைக்கு இஸ்திரி போடுவாள். பாஸ்போர்ட், புகைப்படம், வங்கிக் கடிதம், பாஸ்புக் என்று ஒவ்வொன்றாகப் பையில் வைப்பாள். அன்று காலையிலேயே பாஸ்புக்கைப் பதிந்து வர வேண்டும் என்று அவரை வங்கிக்கு விரட்டுவதும் அவள்தான். அவ்வளவும் செய்துவிட்டு அலுவலகத்துக்கு வெளியே, வெயில் நேராக விழும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். உள்ளே போக அவளுக்கு வேலை இல்லை. அவர் தனி ஆளாக மனுப் போடுகிற ஓய்வுக்காரர். அவள் யாரும் இல்லை.

போன மழைக்காலத்தில் ஹோர்ஸ்ட் என்ற ஜெர்மன்காரர் செத்துப்போனார். அத்தானோடு சீட்டாடுகிறவர். அவரோடு வாழ்ந்த வான்தியும் நூல் கட்டியவள்தான். வங்கியில் அவருடைய சாமிப் பணம் அப்படியே கிடக்க, எரியூட்டுச் செலவுக்கு அவள் மோட்டார் சைக்கிளை விற்றாள். நீதிமன்ற உத்தரவு கொண்டு வா என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். அத்தான் அந்த எரியூட்டிலிருந்து வெளுத்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார். மறுவாரமே அக்காவை வங்கிக்குக் கூட்டிப்போனார்.

"உன் பேரையும் சேர்க்கிறேன் பெங். எனக்கு ஏதாவது ஆனா நீ கோர்ட்டுக்கு அலையக் கூடாது."

வங்கிக்காரப் பெண் பழைய கணக்கை மூடிவிட்டு இரண்டு பெயரில் புதிய கணக்குத் திறந்து கொடுத்தாள். இருவரும் இருக்கிறவரை எதற்கும் இரண்டு கையெழுத்து வேண்டும், ஒருத்தர் போய்விட்டால் மற்றவர் கையெழுத்தே போதும். அக்கா அன்று சாயங்காலம் தெரு முழுக்கக் கூப்பிட்டுக் கோழி சுட்டுப் போட்டாள். பாஸ்புக்கை என்னிடம் காட்டினாள். அவர் பெயர் முதலில், கீழே அவள் பெயர்.

"பார்த்தியா ரச்சனி, எவ்வளவு எடுப்பா இருக்கு!"

ஐம்பத்தெட்டு வயதுப் பெண் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அந்தப் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நானே அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் கொடுத்தேன்.

அந்த நகல்தான் நீட்டிப்பு நாளில் அதிகாரியின் மேஜைக்குப் போனது. சின்ன வயது அதிகாரி, மரியாதையாகப் பேசுகிற பையன். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். உள்ளே நடந்ததை அத்தானே பிறகு என்னிடம் சொன்னார்.

"இந்த ரெண்டாவது பேர் யாரோடது சார்?"

"என் மனைவி."

"கல்யாணப் பதிவு இருக்கா?"

"இல்ல."

"அப்போ மனைவி இல்லையே சார். கூட்டுக் கணக்கு இதுக்குச் செல்லாது. உங்க ஒருத்தர் பேர்ல, ரெண்டு மாசமா இருந்திருக்கணும்."

தங்கும் அனுமதி அடுத்த வாரத்தோடு முடிகிறது. இரண்டு மாதத்துக்கு எங்கே போவது? நாட்டை விட்டு வெளியே போய், புது விசா வாங்கிவந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். புது விசா கொடுப்பார்களா, எழுபத்திரண்டு வயதில் சர்க்கரையும் ரத்த அழுத்தமுமாக அலைய முடியுமா என்பதெல்லாம் தனிக் கதை. பதிவுக் கல்யாணம் இருந்தால் வேறு வகை விசா உண்டு, அதற்குப் பாதிப் பணமே போதும் என்றும் அந்தப் பையன் சொல்லியிருக்கிறான்.

அத்தான் முகம் சிவக்க என் கடைக்குள் வந்தார். அக்கா பெஞ்சிலிருந்து எழுந்து பின்னாலேயே ஓடிவந்தாள்.

"அந்தப் பொடியன் உன்னைப் பொண்டாட்டி இல்லேங்கிறான் பெங்! இருபது வருஷம்! எனக்குப் பத்திக்கிட்டு வருது!"

"அப்புறம்? கிடைச்சுதா இல்லையா?"

"கிடைக்கல. பரவாயில்ல, வா. பாங்காக் போய் எங்க நாட்டுத் தூதரகத்துல ஒரு சான்று வாங்கிட்டு வந்து பதிவு பண்ணிடலாம். நாளைக்கே கிளம்பலாம்."

"எதைப் பதிவு பண்ண?"

"நம்ம கல்யாணத்தை."

அக்கா விசிறிக்கொண்டிருந்த அட்டையைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் ஒரு நொடி என்னவோ மலர்ந்தது. நான் பார்த்தேன். பார்த்ததால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"திடீர்னு எதுக்குங்க?"

"பதிவு இருந்தா வேற விசா தராங்களாம். பாதிப் பணம் போதுமாம்."

மலர்ந்தது அப்படியே கருகிப்போனது. என் கையிலிருந்த ஸ்டேப்ளரால் அந்த மனிதரின் மண்டையில் ஒன்று போட்டிருக்கலாம். பொய்யாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

"ஓ, விசாவுக்கா?" என்றாள் அக்கா.

"விசாவுக்கும்தான்."

"என் அம்மா சாகக் கிடந்தப்போ கேட்டாங்க, பதிவு பண்ணியாச்சான்னு. அடுத்த மாசம்னு சொன்னீங்க. அந்த அடுத்த மாசம் எங்க போச்சு?"

"பெங், இப்போ நேரம் இல்ல, அடுத்த வாரம் என்னைத் துரத்திடுவாங்க."

"உங்களுக்குத்தான் நேரம் இல்ல. எனக்கு இருபது வருஷமா நேரம் இருந்துச்சு. அந்தப் பெஞ்சுல உக்காந்து வெயில் காஞ்சேனே, அந்த நேரம்!"

"அந்தப் பையன் பேசினதுக்கு நீ என் மேல பாயுறியே!"

"அவன் என்ன பொய்யா சொன்னான்? நீ இருபது வருஷமா சொல்லாம சொன்னதை அவன் வாயைத் தொறந்து சொல்லிட்டான்."

அக்கா அவரை ஒருமையில் பேசி நான் கேட்டதே இல்லை. நகல் எடுக்க வந்திருந்த நார்வேக்காரர் ஒருவர் காகிதத்தை அப்படியே விட்டுவிட்டு வெளியே நழுவினார்.

பதிவுக்கு அக்கா வரவில்லை; புது விசா வாங்கி, பணத்தை அவர் ஒருத்தர் பேரில் போட்டு முதலிலிருந்து தொடங்குவதுதான் மிச்சம். மறுநாள் வங்கிக்கு நானும் கூடப் போனேன். கூட்டுக் கணக்கை மூட அவளுடைய கையெழுத்து வேண்டும். மாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தால் அத்தான் கதி அதோகதி. வங்கியில் மாதக் கடைசிக் கூட்டம். கணக்குத் திறந்து கொடுத்த அதே பெண் கணினியைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"உங்களுக்கும் இவருக்கும் என்ன உறவுங்க?"

"சமையல்காரி" என்றாள் அக்கா. வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

அத்தானுக்கு எங்கள் பாஷை அரைகுறைதான். ஆனால் இருபது வருடம் சோறு தின்றவருக்கு அந்தச் சொல் தெரியாமல் போகுமா? "இல்லம்மா, மனைவின்னு போடு" என்றார்.

"பதிவுச் சான்று இருக்குங்களா சார்?"

அக்கா கையெழுத்துப் போட்டாள். பணம் முழுவதும் அவர் ஒருத்தர் பெயரிலான புதுக் கணக்குக்குப் போனது. ஒரு பாத்கூடக் கேட்கவில்லை அவள். பழைய பாஸ்புக்கில் ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அதை வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, கோழிக்கு நேரமாகிறது என்று நடந்துவிட்டாள்.

அத்தான் புது விசாவுக்காகத் தனியாக எல்லைப் பாலம் தாண்டி லாவோஸ் போனார். அக்கா வழியனுப்பப் போகவில்லை. ஆனால் சர்க்கரை மாத்திரையை வேளைவாரியாகப் பிரித்துப் பையில் வைத்திருந்தாள். அதற்கும் நான் அவளைத் திட்டினேன். "நீ கெட்டதே இப்படித்தான்" என்றேன். "போடி" என்றாள்.

போனவர் ஒரு வாரத்தில் திரும்பவில்லை. பத்து நாளைக்கு மேல் ஆனது. வராமலே போய்விடுவாரோ என்று அக்கா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் கடையில் கோழி கருகியது. அது அதுவரை நடந்ததில்லை.

பிறகு ஒரு நாள் காலையில் போன் வந்தது, இன்றைக்கு வருகிறேன் என்று. வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்து தங்கினால் வீட்டுக்காரர் குடிவரவு அலுவலகத்தில் தகவல் எழுதிக் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் அவருடைய எந்த மனுவும் நகராது. அக்கா அந்தப் படிவத்தோடு என் கடையில் நின்றிருந்தாள். வீட்டுக்காரர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதியிருந்தாள். கையெழுத்து மட்டும் பாக்கி.

அத்தான் ஆட்டோவிலிருந்து நேராக அங்கேதான் இறங்கினார். ஆள் பாதியாகியிருந்தார். பாஸ்போர்ட்டைத் திறந்து புது விசாவைக் காட்டினார். அப்புறம் சட்டைப் பைக்குள்ளிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார். பாங்காக் தூதரக முத்திரை இருந்தது. இவர் மணமுறிவு பெற்றவர், மறுமணம் செய்யத் தடையில்லை என்கிற சான்று.

"விசா கிடைச்சாச்சு பெங். இது விசாவுக்கு இல்ல. அதுக்கப்புறம்தான் பாங்காக் போனேன். வா, மாவட்ட ஆபீசுக்குப் போகலாம்."

நியாயமாகப் பார்த்தால் நான் அழுதிருக்க வேண்டும். அழவில்லை. இதை அன்றைக்கே செய்வதற்கு என்ன கேடு என்றுதான் எனக்கு வந்தது.

அக்கா அந்தக் காகிதத்தை இரண்டு பக்கமும் பார்த்தாள். மடித்தாள். தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். பிறகு என் பேனாவை வாங்கி, வீட்டுக்காரர் கையெழுத்தைப் போட்டாள்.

"இப்போ போகலாமா?" என்றார் அத்தான்.

"இதைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போகலாம். சாப்பிடலாம்."

"மாவட்ட ஆபீஸ்?"

"பணமே ரெண்டு மாசம் அசையாம கிடந்தாத்தான் அவங்க நம்புறாங்க. உங்க மனசு நேத்துத்தான் வந்திருக்கு. கிடக்கட்டும், பார்க்கலாம்."

அத்தான் தலையாட்டினார். எதிரே, அவள் உட்காரும் அதே பெஞ்சில் போய் வெயிலில் உட்கார்ந்தார். அக்கா படிவத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குள் போனாள்.