துக்க வீட்டில் ஆடிய தாத்தா

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் வந்தால் ராயபுரத்தில் வீடு வீடாகப் பாடப்போகும் எங்கள் கேரல் குழுவுக்கு நான்தான் கிறிஸ்துமஸ் தாத்தா. தொப்பை சொந்தம், முகமூடி வாடகை.

துக்க வீட்டில் பாடுவது வழக்கமில்லை. அதனால், போன மாதம் கணவரைக் கடலில் பறிகொடுத்த மீன்காரம்மாவின் வீடு வந்ததும் டிரம்மை நிறுத்திவிட்டுப் பூனைபோல் நடந்தோம். அவர் எப்போதும்போல வாசலில் மீன்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா நைனா, தாண்டிப் போறீங்கோ? ஏசு கொயந்த எங்க வூட்டுக்குத்தானே மொதல்ல வரணும்? பாடுங்கோ."

ஆறுதல் சொல்ல நான் மனப்பாடம் செய்திருந்த வேத வசனங்களில் ஒன்றுகூட வரவில்லை. முகமூடிக்குள் அழுகைதான் வந்தது. அவர் எழுந்து வந்து, முகமூடியைத் தூக்கி, முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

"அழுவாத தாத்தா. ஆடு."

ஆடினேன். அவர் மீன்பெட்டியில் தாளம் போட்டார். அந்த அமைதியை அவருக்கு யார் கொடுத்தார் என்று மேடையில் பேசச் சொன்னால் பேசுவேன். அன்று கண்டது இவ்வளவுதான்: அவர் தாளம் ஒரு தடவைகூடத் தப்பவில்லை, என் ஆட்டம்தான் தப்பியது.